காவிரிக் கரை நாவல்கள்: இனித்தவையும் ஏமாற்றியவையும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

நாவல்களைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவோர் பெரும்பாலும் பாராட்டியே எழுதுவது வழக்கம். ஆசிரியர் பெரியவர், பெற்ற பரிசு பெரிது, ஆகவே நூலும் பெரிது என்று கட்டுரை முடிந்துவிடும். தேர்வுத்தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் படித்தவன் மனத்தில் என்ன நடந்தது என்பது அதில் வருவதில்லை. ஒரு நாவலைப் படித்து முடிக்கப் பத்து நாள் செலவிடுகிறோம். அது இனித்ததா, ஏமாற்றியதா என்று சொல்லும் உரிமையாவது வாசகனுக்கு வேண்டாமா? நம் தஞ்சைத் தரணியைப் பற்றிய சில நாவல்களை மட்டும் எடுத்துக்கொண்டு என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான். கதையில் வரும் மனிதர் தம் பாட்டுக்கு வாழவேண்டும். ஆசிரியரின் கருத்தை ஏற்றிச் செல்லும் பாரவண்டியாக அவர் ஆகிவிட்டால், நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

முதலில் சோழர் கதைகள். மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் விடுமுறையில் படித்தேன். 2022இலும் 2023இலும் திரைப்படமாக வந்தபோது பார்த்தவர்கள் பலர். நூலை முழுதும் படித்தவர்கள் நம் வகுப்பில் சிலரே. அவர்களுக்கு நான் சொல்வது, படம் பார்த்த சுகம் வேறு, இது வேறு. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவன் வாய்த்துடுக்கால் வம்பில் மாட்டுவான், பொய் சொல்லித் தப்புவான். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி புகைமூட்டமாகவே விட்டுவிட்டார். அதே ஏரியை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு இரவிதாசன் முதலியோரின் பெயர்களைத் துரோகிகள் என்று சொல்லியிருந்தும், வாசகர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். குறை ஒன்று உண்டு. படகு விடும் பூங்குழலியும் பூக்கட்டும் சேந்தன் அமுதனும் வருகிறார்கள். ஆனால் அவ்வளவு பெரிய சோழநாட்டுக்குச் சோறு போட நாற்று நட்டவர்கள் கதைக்குள் ஆளாக வரவில்லை. ஆயினும் இது இனித்த நாவலே.

அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 1963ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. இராசேந்திர சோழன் காலத்துக் கதை. உழைப்பு தெரிகிறது, ஆனால் எனக்கு ஏமாற்றமே. கொடும்பாளூர் இளங்கோ வீரன், அழகன், பண்பாளன். இரண்டு பெண்களும் அவனைக் காதலிக்கிறார்கள்; இருவரும் உத்தமிகள். அவன் சறுக்கிவிடுவானோ என்ற பயம் எனக்கு ஓர் இடத்திலும் வரவில்லை. பயம் இல்லாத இடத்தில் ஆவல் எப்படிப் பிறக்கும்?

அடுத்து தி. ஜானகிராமன். மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் 1921இல் பிறந்தவர். 'சுதேசமித்திர'னில் தொடராக வந்த அவருடைய 'மோகமுள்', கும்பகோணத்துத் தெருக்களில் நம்மைக் கைபிடித்து அழைத்துப் போகிறது. தன்னைவிட மூத்த யமுனாவின்மேல் பாபு கொண்ட ஆசையைக் கதை நியாயப்படுத்தவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. பாட்டு வாத்தியார் ரங்கண்ணா பேசும் இடங்களில், சங்கீதம் அறியாத எனக்கே காதில் ஏதோ விழுந்தது. கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட பக்கத்து வீட்டுத் தங்கம்மாளின் முடிவு சில பக்கங்களிலேயே கடந்துவிடுகிறது. எனக்கு அது பல நாள் ஆறவில்லை.

அதே ஜானகிராமன் எழுதிய 'மரப்பசு' (1975) என்னை ஏமாற்றியது. அம்மணி துணிச்சலான பெண். தொடக்கத்தில் அவளைப் பார்த்து வியந்தேன். போகப்போக அவள் வாழ்வது குறைந்து பேசுவது மிகுந்துவிட்டது. பேசும் குரலும் அவளுடையதாக இல்லை. ஒரு பெரிய எழுத்தாளரின் பெயர் அவருடைய எல்லா நூலுக்கும் பிணை நிற்காது என்பதை இந்த இரண்டு நாவல்களும் எனக்குக் காட்டின.

அதிகம் பேசப்படாத இரண்டு நூல்களை நண்பர்கள் தேடிப் படிக்கவேண்டும். எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித்தீ' கும்பகோணத்துச் சௌராஷ்டிரப் பட்டு நெசவாளர் வாழ்க்கை. அவரே அந்தச் சமூகத்தில் பிறந்து சரிகை வியாபாரம் செய்தவர். தறியும் கூலியும் முதலாளியும் கடனும் அலங்காரமாக வராமல், வீட்டுக்குள் நடக்கும் ஒவ்வொன்றையும் தீர்மானிக்கின்றன. கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' (1978), தொழுநோய் பிடித்த கணேசனின் கதை. படிக்கும்போது இனிக்காது. மூடி வைத்தபிறகும் அவன் நம்மை விட்டுப் போகமாட்டான். இனிமை என்று நான் சொல்வதில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இனி, சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகிறேன். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே பெரும்பாலோர். இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஓர் இரவிலேயே படித்து முடித்தேன். டில்லியிலிருந்து வந்து கிராமத்தில் தங்கும் கோபாலின் குழப்பம் உண்மையாக இருக்கிறது. பலர் பேசாதிருந்த நேரத்தில் எழுதிய துணிவுக்கு ஆசிரியரை வணங்கலாம்.

ஆனால் நூலை மூடியபோது எனக்குக் கோபம் வந்தது. பண்ணையார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு அடியில் அவருடைய ஆண்மைக் குறையை ஆசிரியர் வைக்கிறார். அந்தக் குறையும், அதைச் சுட்டிய அவமானமும், பழிவாங்கும் வெறியும் கதையைத் தீ வரைக்கும் இழுத்துச் செல்கின்றன. என் அப்பாயி நடவுக்குப் போனவர். பண்ணையார்களைப் பற்றி அவர் நிறையச் சொல்வார். எல்லாம் மரக்கால் அளவிலும் படிக்கணக்கிலும் இருக்கும். யார் குறைத்து அளந்தார், கேட்டவனை யார் களத்தை விட்டுத் துரத்தினார் என்றுதான் சொல்வார். கூலி கேட்ட மக்களை எரித்ததற்குக் காரணம் ஒரு மனிதனின் மனநோய் என்றால், அந்த மனிதனுக்கு வைத்தியம் பார்த்திருந்தால் வெண்மணி நடந்திராது என்று ஆகிவிடாதா? மனநோய் இல்லாத பண்ணையார்களும் அளவைக் குறைத்தார்களே?

நாவல் என்பது நீதிமன்றத் தீர்ப்பன்று, கற்பனைக்கு உரிமை உண்டு என்று ஆசிரியப் பெருமக்கள் கூறக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது அந்தக் கற்பனை யாருக்காகச் செலவாயிற்று என்பதே. பண்ணையாரின் மனத்துக்குள் மாடிப்படி வைத்து இறங்கிய ஆசிரியர், குடிசைக்குள் இருந்தவர்களின் மனத்துக்குள் அவ்வளவு தூரம் இறங்கவில்லை. அவர்களின் சாவு பக்கத்தில் இருக்கிறது. அன்று காலை அவர்கள் என்ன நினைத்தார்கள், யாருக்கு யார்மேல் கோபம், எதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்பது இல்லை.

அதனால்தான் ராஜம் கிருஷ்ணனின் 'சேற்றில் மனிதர்க'ளும் (1982) சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்'லும் (1999) எனக்கு நெருக்கமாயின. முன்னவர் தாம் எழுதப்போகும் மக்களிடையே சென்று தங்கி, கேட்டு எழுதும் பழக்கம் உடையவர். சேறும் கூலியும் சாதியும் அவர் நூலில் ஒன்றாகவே பிணைந்து வருகின்றன. சில பக்கங்களை அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். "இந்தம்மா வயக்காட்டுல நின்னு பாத்திருக்கு" என்றார். பின்னவர் திருவாரூர்ப் பக்கத்துக்காரர்; வெண்மணியையே எடுத்து நம் வட்டாரப் பேச்சில் எழுதினார். சில இடங்களில் மேடைப்பேச்சு வாடை வீசுகிறது. கட்டுக்கோப்பில் 'குருதிப்புனல்' இதைவிட மேல் என்றுகூடச் சொல்வேன். ஆயினும் இதில் கூலி கேட்பவர்கள் ஆட்களாக இருக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் 'செந்நெல்'லை வைத்துக்கொள்வேன்.

நண்பர்களே, இந்தத் தீர்ப்புகளை நீங்கள் ஏற்கவேண்டும் என்பதில்லை. 'மரப்பசு'வுக்காக என்னோடு சண்டையிடப் பெண்கள் வகுப்பில் இருவர் ஏற்கனவே தயாராக இருக்கிறார்கள். நான் வேண்டுவது ஒன்றே. பரிசு பெற்ற நூல் பிடிக்கவில்லை என்றால், ஏன் என்று காரணத்தோடு சொல்லப் பழகுவோம். பேராசிரியர்களும் அப்படி எழுதப்படும் விடைத்தாளுக்கு மதிப்பெண் குறைக்காமல் இருப்பார்களாக. நம்மில் பாதிப்பேர் வரப்பு வழியாகப் பேருந்துக்கு நடந்து வருகிறவர்கள். நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் இறங்கியபின் கைவேலை குறைந்த நம் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதை எழுத உட்காரும்போது, அவர்களைப் பார்த்து இரங்கும் கதையாக ஆக்கிவிடாமல், அவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதுவோம்.