சொல்லுக்கும் ஒரு தரகரா?

நூலுக்கு ஒரு தரகர், பாவுக்கு ஒரு தரகர், நெய்து இறக்கிய புடவைக்கு ஒரு தரகர் என்று பல கைகளுக்கிடையே அகப்பட்டுத் தவித்த நெசவாளரை மீட்பதற்கென்றே கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. காஞ்சி மாநகரில் அந்நோக்கம் ஓரளவு நிறைவேறியிருக்கிறது. ஆயினும் ஒரு தரகர் மட்டும் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. அவர் நூல் விற்பதுமில்லை, புடவை வாங்குவதுமில்லை. வாங்குகிறவர் சொல்வதை நமக்கும், நாம் சொல்வதை அவருக்கும் எடுத்துச் சொல்வதே அவர் தொழில். கைலாசநாதர் கோயிலைக் காண வரும் அயல்நாட்டாரைத் தறிவீட்டுக்கு அழைத்து வருகிறவரும் அவரே. ஆங்கிலத்தில் அவர் சொன்ன விலை எது, தமிழில் நமக்குச் சொன்ன விலை எது என்பதை நாம் அறிவதில்லை.

இது பற்றியே நம் அங்கத்தினர்கள் அன்றாட ஆங்கிலம் கற்க வேண்டும் என்று எழுத முற்படுகிறோம். இலக்கணம் முழுவதையும் கற்கச் சொல்லவில்லை, ஷேக்ஸ்பியரும் வேண்டாம். நம் தொழிலைச் சுற்றி வழங்கும் நூறு இருநூறு சொற்களும் சொற்றொடர்களும் போதும்.

தெரியாத சொல்லால் வரும் கேட்டைவிடத் தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லால் வரும் கேடு பெரிது. ‘ஆர்ட் சில்க்’ என்று சீட்டு ஒட்டிய புடவையைப் பார்த்துக் கலைநயம் மிக்க பட்டு என்று எண்ணி வாங்கிப் போகிறவர் எத்தனை பேர்! அங்கே ‘ஆர்ட்’ என்பது கலையன்று; ‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்பதன் குறுக்கம். அதாவது செயற்கைப் பட்டு. ‘டெஸ்டெட் ஜரி’ என்றால் சோதித்துத் தேர்ந்த ஜரிகை என்றுதானே கொள்வோம்? செம்புக் கம்பியின்மீது மெல்லிய முலாம் ஏற்றிய ஜரிகைக்கு வியாபாரத்தில் அப்பெயர் வழங்குகிறது. வெள்ளி இழையில் தங்க முலாம் பூசிய ஜரிகையைக் கோத்து நாம் நெய்த புடவைக்குப் பக்கத்தில் அது தொங்கும்போது, வாங்க வந்தவருக்கு வேற்றுமையை எடுத்துச் சொல்ல நமக்கு வாய் வேண்டாமா? காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-ஆம் ஆண்டில் கிடைத்தது. அப்பெயருக்குப் பின்னால் ‘டைப்’ என்றோ ‘ஸ்டைல்’ என்றோ ஒரு சிறு சொல்லைச் சேர்த்துவிட்டு வேறெங்கோ நெய்ததை விற்கிறார்கள். நம் உரிமையை அரிப்பது அந்த ஒற்றைச் சொல்தான்.

சாயத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. ‘ஃபாஸ்ட்’ என்றால் வேகம் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அப்படியானால் ‘ஃபாஸ்ட் கலர்’ என்பது விரைவில் போய்விடும் சாயமா? அன்று, அதுதான் கெட்டிச் சாயம். சாயம் கசிவதை ஆங்கிலத்தார் இரத்தம் வடிவதாகச் சொல்லுவர். இந்தச் சொல் ஒருமுறை கடல் கடந்தும் பெயர் வாங்கியது. 1958-ஆம் ஆண்டில் வில்லியம் ஜேகப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மதராஸ் கைத்தறித் துணி வாங்கினார். குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். அந்தச் சொல் புரூக்ஸ் பிரதர்ஸ் கம்பெனிக்கும் அதன் வாடிக்கைக்காரருக்கும் எட்டவில்லை. சட்டைகள் சாயம் விட்டன, புகார்கள் குவிந்தன. பின்னர் ‘இரத்தம் வடியும் மதராஸ்’ என்றே விளம்பரம் செய்து, குறையையே பெருமையாக்கி விற்றார்கள் என்பர். சாமர்த்தியம்தான். ஆனால் அத்தகைய விளம்பரம் நம் போன்ற சிறு சங்கத்துக்குக் கைகூடுமா? சலவைக் குறிப்பைத் திருத்தமாக எழுதிப் புடவையோடு வைப்பதே நமக்கு மலிவு.

தனிச் சொற்களைவிடச் சொற்றொடர்கள் பொல்லாதவை. நம் அங்கத்தினர் ஒருவர் வெளியூர் வியாபாரிக்கு மாதிரிப் புடவை அனுப்பியிருந்தார். ‘வீ வில் கெட் பேக் டு யூ’ என்று பதில் வந்தது. திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நம்பி, அதே நிறத்தில் அடுத்த பாவும் ஏற்றிவிட்டார். அது பெரும்பாலும் வாராமைக்கு வைத்த நாகரிகமான பெயர் என்பது அவருக்குத் தெரியவில்லை. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று ஒருவர் எழுதினால் அவர் எதற்கும் அஞ்சவில்லை. இல்லை என்பதை இதமாகச் சொல்கிறார். ‘சப்ஜெக்ட் டு அப்ரூவல்’ என்று ஆர்டரில் இருந்தால் அது இன்னும் ஆர்டரே ஆகவில்லை.

மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் அங்கத்தினர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மருந்துப் புட்டியில் ‘வெயிட்டிங் பீரியட்’ என்றிருப்பது, தெளித்தபின் இலை பறிக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதாகும். பொறுக்காமல் பறித்துப் போட்டால் தட்டிலுள்ள புழு பிழைக்காது.

கைபேசி இருக்கையில் கற்பானேன் என்று இளைஞர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. ஆனால் ஐயம் எழுந்தால்தானே கைபேசியை எடுப்போம்? ‘ஆர்ட்’ என்றால் கலை என்று உறுதியாக நம்பியிருப்பவர் எதைப் போய்க் கேட்பார்?

ஆங்கிலம் நுழைந்தால் தமிழ் தேயும் என்று அஞ்சுவோரும் உண்டு. இதே காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணா, தமிழ்மேடையை ஆண்டவர். ‘ஹோம்லேண்ட்’ என்று ஆங்கில வார இதழும் நடத்தியவர். 1962-இல் மாநிலங்களவைக்குச் சென்று தமிழகத்தின் வழக்கை ஆங்கிலத்திலேயே வாதாடியவர். அவரிடம் தமிழ் எங்கே தேய்ந்தது?

செலவுக்கு வழி தேட வேண்டியதில்லை. சங்கங்கள் நிகர லாபத்திலிருந்து ஆண்டுதோறும் கூட்டுறவுக் கல்வி நிதிக்குத் தொகை செலுத்துகின்றன. அந்நிதியிலிருந்து இதற்கு உதவி கேட்பதில் தவறில்லை. நூல் பட்டுவாடா முடிந்தபின் சங்கக் கட்டிடத்தில் ஓர் அறை மாலையில் வெறுமனே கிடக்கிறது. கல்லூரியில் படிக்கும் நம் வீட்டுப் பெண்களே ஆசிரியைகளாக இருக்கலாம். தறிச் சொற்களை அவர்களுக்கு நாம் சொல்லித் தர, ஆங்கிலச் சொற்களை அவர்கள் நமக்குச் சொல்லித் தரட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவர எண்ணியுள்ளோம்.

முதல் நாள் பாடத்துக்கு ‘ஷாட்’ என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம். பாவு ஒரு நிறமும் ஊடை மற்றொரு நிறமுமாக நெய்து மயில்கழுத்து வண்ணம் எடுக்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தார் வைத்த பெயர் ‘ஷாட் சில்க்’. நாடா குறுக்கே பாய்வதைக் கண்டு வைத்த பெயர் என்பர்.