நிவாரணப் பட்டியலில் திரிகைக்கும் இடம் வேண்டும்

இடம்பெயர்ந்த குடும்பத்திற்கு நிவாரணம் என்றதும் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி என்ற பட்டியலே எல்லோர் நினைவிற்கும் வருகின்றது. பசித்த வயிற்றிற்கு அது வேண்டியதுதான். ஆனால் மாதங்கள் கடந்த பின்னரும் அதே பட்டியல் நீடிப்பதை எம்மால் ஏற்க முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, அம்மியும் ஆட்டுக்கல்லும் சட்டிபானையும் வீடுகளோடு மண்ணுக்குள் போயின. இவற்றை இழப்பாக எவரும் கணக்கெடுப்பதில்லை. முகாம்களில் பொதுச் சமையல் நடக்கும். தாய் வரிசையில் நின்று பிள்ளைக்குச் சோறு வாங்குவாள். நேற்றுவரை வீட்டை ஆண்டவளுக்கு அது சிறிய காரியமல்ல.

தோட்டத்து ரொட்டியைச் சிலர் ஏளனமாகப் பேசுகின்றனர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. கோதுமை இங்கு விளைவதில்லை என்பதும், தோட்ட நிர்வாகங்கள் மாவைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டன என்பதும் உண்மையே. ஆயினும் வந்த மாவில் தேங்காய்ப்பூவைச் சேர்த்து, விடியுமுன் சுட்டு, இடிசம்பலோடு கட்டிக்கொண்டு மலைக்கு ஏறியவர்கள் எமது பெண்கள். அந்த ரொட்டி இன்று எமது பாரம்பரிய உணவுதான். (இடிசம்பலை மிக்சியில் அரைத்துவிட்டு அதே பெயரைச் சொல்வோருக்கு மட்டும் எமது மன்னிப்பு இல்லை.)

ஆபத்து வேறிடத்தில் இருக்கின்றது. 1973-74இல் மாவும் அரிசியும் கிடையாமற்போனபோது தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். 2022இல் மாவின் விலை ஏறியபோது பாணும் ரொட்டியும் எத்தனை வீடுகளில் குறைந்தன என்பதை வாசகர்கள் அறிவீர்கள். கப்பலை மட்டுமே நம்பிய அடுப்பு எந்நாளும் பயத்தோடுதான் எரியும்.

மொனராகலையின் சேனைகளில் விளையும் குரக்கனுக்குக் கப்பல் தேவையில்லை. மழையை நம்பி வளரும். காயவைத்துச் சேமித்தால் ஆண்டுக்கணக்கில் வண்டு பிடிக்காது. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அதில் பத்திலொரு பங்குகூட இல்லை. பாலூட்டும் தாய்மாருக்கு இதைவிட மலிவான மருந்தை நாம் அறியோம். "குரக்கன் ரொட்டி வெடித்துப் போகிறது" என்பது பெண்கள் எம்மிடம் சொல்லும் குறை. குரக்கன் மாவில் பசைத்தன்மை இல்லாததே காரணம். கொதிநீரில் குழையுங்கள், தொடக்கத்தில் பாதிக்குப் பாதி கோதுமை மா சேருங்கள். கை பழகப் பழக அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

பலகாரம் சுடப் போறணை வேண்டும் என்று எண்ணுவோரும் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் நத்தாருக்கு முந்திய ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலிகள் முடிந்ததும் கோவில் வாசலில் 'பிபிங்கா' என்ற அரிசிமா அப்பத்தை விற்பார்கள். வாழையிலை விரித்த மண்சட்டியில் மாவை ஊற்றி, கீழும் மேலும் தணல் வைத்துச் சுடுவது அவர்கள் பழைய முறை. எமது நாட்டின் பிபிக்கனும் பெயரில் அதற்கு நெருக்கம். தணல் வைக்கும் முறையும் அதுவே. ஒரு தேங்காயின் பூவை 250 கிராம் கித்துள் கருப்பட்டிப் பாகில் வதக்கி, ஆறியதும் 250 கிராம் வறுத்த ரவை, ஏலம், சிறிது உப்புச் சேர்த்துப் பிசைந்து, தடித்த சட்டியில் இட்டுத் தகர மூடியின் மேலும் தணல் போட்டால் போதும். ஈர்க்குக் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். ரவைக்குப் பதில் வறுத்த அரிசிமாவும் போடலாம்.

ஆகவே நிவாரணம் வழங்குவோரிடம் எமது கேள்வி இதுதான்: நூடில்ஸ் பெட்டிகளுக்கு இடமுள்ள லொறியில் ஒரு திரிகைக்கு இடமில்லையா? ஐந்து குடும்பத்திற்கு ஒரு திரிகை, குடும்பத்திற்கு இரண்டு சட்டி, ஒரு தேங்காய்த் துருவி, மழையில் நனையாத அடுப்படி. காணி கிடைத்தவர்களுக்குப் பெரும்போக மழைக்கு முன்னரே குரக்கன் விதை. மழை விழுந்த பின் வரும் விதை கோழிக்குத்தான் உதவும். முகாம் குழுக் கூட்டங்களில் பேசுவது பெரும்பாலும் ஆண்கள். அடுத்த கூட்டத்தில் பட்டியலைப் பெண்கள் எழுதட்டும்.