திரிபோஷ மட்டும் போதாது, பால் கொடுக்க நேரமும் வேண்டும்

இந்த மாதம் திரிபோஷ வந்ததா, வரவில்லையா? நமது லயங்களில் சின்னப் பிள்ளைகளின் போசாக்கைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடு ஆரம்பித்து இந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. 2022இல் மக்காச்சோளத்தில் அஃப்ளடொக்சின் நச்சு இருப்பதாகப் பிரச்சினை கிளம்பி, 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான திரிபோஷ நின்றுபோனது. அப்போது நாம் ஆத்திரப்பட்டது நியாயம். அது அரசாங்கம் தரவேண்டிய பொருள், பிச்சையல்ல. ஆனால் ஒரு தொழிற்சங்கம் பிள்ளைகளின் விடயத்தில் திரிபோஷ பக்கற்றோடு நின்றுவிடக் கூடாது என்பதே எனது கருத்து. பக்கற்றுக்கு வெளியே, நேரடியாகக் கம்பனியிடம் கேட்டுப் பெறவேண்டிய உரிமைகள் கிடக்கின்றன. அவற்றை நாம் கேட்பதே இல்லை.

முதலில் அந்தப் பக்கற்றையே பார்ப்போம். மக்காச்சோளம், சோயா, பால்மா, அதோடு விற்றமின்களும் தாதுப்பொருட்களும் சேர்ந்த திரிபோஷ 1973 முதல் இந்த நாட்டில் கொடுக்கப்படுகிறது. ஒரு பக்கற் 750 கிராம். மாதத்துக்கு இரண்டு பக்கற் என்றால் நாளொன்றுக்கு 50 கிராம் வரும். அது நிறை குறைந்த ஒரு பிள்ளைக்கு, அல்லது ஒரு கர்ப்பிணிக்கு என்று கணக்குப் பார்த்து வைத்த அளவு. ஒரே காம்பராவில் ஐந்து பேர் உருண்டை பிடித்துச் சாப்பிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது 10 கிராம். இதற்காகத் தாயைக் குறை சொல்லும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மூத்த பிள்ளை வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, இளையதுக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? வீட்டில் மற்றவர்களுக்கும் சாப்பாடு போதாமல் இருக்கும்போது பக்கற் பங்குபோடப்படத்தான் செய்யும்.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதை அரசாங்கத்தின் கணக்கே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதும் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 வீதம். தோட்டப் பகுதியில் 31.7 வீதம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னர் இது 40 வீதமாக இருந்தது. குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனாலும் நாட்டின் மற்றப் பகுதிகளுக்கும் நமக்கும் இடையில் இன்னும் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

“நம்ம ஆளுங்க பரம்பரையாவே குட்டைதானே” என்று பெரியவர்கள் சிலர் சமாதானம் சொல்வார்கள். துரைமாரும் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது தவறு. கிளினிக் புத்தகத்தில் பிள்ளையின் நிறையைக் குறிக்கும் கோடுகள் வெள்ளைக்காரப் பிள்ளைகளை மட்டும் அளந்து போட்டவை அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா, ஓமான், கானா, பிரேசில், நோர்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்து 2006இல் அவற்றை வெளியிட்டது. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுகாதாரமான வீடும் கிடைத்தால் முதல் ஐந்து வயதில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் வளர்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. டில்லிப் பிள்ளை வளர்ந்தால் டிக்கோயாப் பிள்ளையும் வளரும்.

உயரம் வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. வயிற்றில் உருவான நாள் முதல் இரண்டு வயது வரை மூளை வளரும் வேகம் பிறகு ஒருபோதும் வராது. அந்தக் காலத்தில் இரும்புச்சத்தும் புரதமும் குறைந்த பிள்ளை பேசப் பிந்தும், பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பிடிக்கச் சிரமப்படும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூஷன் கொடுத்து அந்தக் குறையை முழுவதும் நிரப்ப முடியாது.

சத்துமா மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜமேய்க்காவில் ஒரு ஆய்வு இருக்கிறது. நம்மைப் போலவே தோட்டங்களால் உருவான தீவு அது, அங்கே கரும்பு. 1986, 87 காலத்தில் அதன் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 சின்னப் பிள்ளைகளை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வாராவாரம் சத்துப் பால்மா. இன்னொரு கூட்டத்துக்குப் பால்மா இல்லை, வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் ஒரு பெண் வீட்டுக்குப் போய், வீட்டில் கழித்துப்போட்ட சாமான்களில் செய்த விளையாட்டுப் பொருட்களை வைத்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுப்பாள். மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டும். நான்காவதுக்கு எதுவும் இல்லை. இரண்டு வருட முடிவில், பால்மா பெற்ற பிள்ளைகளும் முன்னேறினார்கள், விளையாட்டுப் பெற்றவர்களும் முன்னேறினார்கள், இரண்டும் பெற்றவர்கள் எல்லோரையும் விட நன்றாக இருந்தார்கள். அதே பிள்ளைகளை 22 வயதில் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்கள் மற்றவர்களை விட 25 வீதம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். பால்மா மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நிலைத்த பலன் காணப்படவில்லை.

இதைக் கேட்டுவிட்டு “அப்போ திரிபோஷ தேவையில்லை” என்று யாரும் சொல்ல வரவேண்டாம். வயிறு காய்ந்த பிள்ளை விளையாடாது. பக்கற்றோடு ஒரு ஆளும் நேரமும் சேரவேண்டும் என்பதுதான் இதன் அர்த்தம்.

அந்த ஆள் தோட்டத்தில் யார்? காலையில் தாய் மலைக்கு ஏறிவிட்டால் பிள்ளைக்காம்பரா ஆயம்மாதான். நல்ல ஆயம்மாமார் பலர் இருக்கிறார்கள். ஆனால் ஒரே ஆள் தொட்டில் பிள்ளைக்குப் பால் போத்தல் கழுவி, பெரிய பிள்ளைக்குச் சோறூட்டி, தரை கூட்டி, பதிவும் எழுத வேண்டியிருந்தால், எந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவாள்? சில இடங்களில் கட்டடம் புதிது, சுவரில் படம் இருக்கும், பெயர்ப்பலகையில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று இருக்கும், உள்ளே பிள்ளைகள் சும்மா சுவரோடு சாய்ந்திருக்கும். கட்டடம் திறக்க அமைச்சர் வருவார். இரண்டாவது ஆயம்மாவுக்குச் சம்பளம் கொடுக்க யாரும் வருவதில்லை.

நேரத்தைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு தடவை நேரம் கொடுக்க வேண்டும். பிள்ளைக்காம்பரா இருந்தால் தடவைக்கு 30 நிமிடத்துக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. எத்தனை அக்கா தங்கச்சிமாருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களும் ஏன் இறங்கி வருவதில்லை? தராசு விடாது. அரை மணித்தியாலம் பால் கொடுக்க, தூர மலையிலிருந்து இறங்கி ஏற இன்னும் அரை மணித்தியாலம், இரண்டு தடவைக்கு இரண்டு மணித்தியாலம் போய்விடும். கிலோக் கணக்கு அப்படியே நிற்கும். எடை குறைந்தால் அரைப் பேர். ஆகவே தாய் மலையிலேயே நிற்கிறாள், மார்பு கட்டி வலிக்கிறது, பிள்ளை போத்தலுக்குப் போகிறது. சட்டம் கொடுத்த நேரத்தை கிலோ வாங்கிவிடுகிறது. காணியைப் பிரித்துக் கொடுத்து கொழுந்துக்கு மட்டும் காசு தரும் முறை பரவும் இடங்களில் இந்த உரிமையைக் கேட்பதற்கு ஒரு துரைகூட இருக்கமாட்டார் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

வீட்டில் நம் கையில் இருப்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு வெறுந்தேத்தண்ணி கொடுக்க வேண்டாம். தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினாலும் அதே கதைதான். ஆறு மாதம் முடிந்ததும் தண்ணீர்க் கஞ்சிக்குப் பதிலாக, கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் சோறும் பருப்பும் மசித்து, கொஞ்சம் தேங்காய்ப்பால், இடித்த நெத்தலி, முடிந்த நாளில் முட்டை.

“சம்பளம் கூடினால் இதெல்லாம் தானாகச் சரியாகும்” என்று சங்கத்துக்குள்ளேயே சொல்கிறார்கள். சம்பளம் முதல் கோரிக்கைதான். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவுக்கு வந்ததும் போராடித்தான். ஆனால் முட்டை வாங்கக் காசிருந்தும் ஊட்ட ஆளில்லாவிட்டால் முட்டை பிள்ளைக்குள் போகாது. பிள்ளை விடயம் பொம்பளைகள் விடயம், மாதர் குழுவில் பேசிக்கொள்ளட்டும் என்று ஒதுக்குவதும் சரியில்லை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களுடைய சந்தாவில்தான் சங்கம் நடக்கிறது.

ஆகவே அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் மூன்று விடயங்களை எழுத்தில் வைக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு அந்த இரண்டு இடைவேளைக்கும், நடக்கும் நேரத்துக்கும் ஏற்ப கிலோவைக் குறைத்து முழுப் பேர் போடவேண்டும், முடிந்தவரை பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்டிய மலையில் வேலை கொடுக்க வேண்டும். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளின் தொகைக்கு ஏற்ப ஆயம்மாமாரைப் போட்டு, அவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். கிளினிக் நாளில் பிள்ளையை நிறை பார்க்கக் கொண்டுபோகும் தாயின் பேரை வெட்டக் கூடாது. துரை முடியாது என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். தொழில் திணைக்களத்துக்குப் போக அந்தக் கடிதம் தேவைப்படும்.