கப்பல் பட்டியலில் எத்தனை முனுசாமிகள்

தென்னாப்பிரிக்கத் தமிழர் பலர் பூட்டனின் ஊரைத் தேடும்போது, கப்பல் பட்டியலில் அவர் பெயர் கண்ணில் பட்டதுமே தேடலை முடித்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரே முனுசாமிக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடுகின்றன. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911 வரை அந்த ஊர் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஏறக்குறைய 1,52,000 பேர். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களில் எத்தனை முனுசாமிகள் இருந்திருப்பார்கள்! எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்ததால் பெயரை நம்பிப் பயனில்லை. வழக்கைத் தீர்ப்பது ஒவ்வொருவருக்கும் அரசு கொடுத்த காலனி எண்தான். திருமணப் பதிவு, இறப்புப் பதிவு போன்ற பிற்காலத் தாள்களிலும் அது தொடர்ந்து வரும். தாத்தாவின் தாள்களிலிருந்து பின்னோக்கிப் போய் அந்த எண்ணைப் பிடிக்க வேண்டும். பிறகே தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். சாதிக் கட்டத்தை மட்டும் நான் சாட்சியாக ஏற்கமாட்டேன். மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. மரபணுச் சோதனை ஓரளவு கைகொடுக்கும், ஆனால் தலைமுறைகளாக உறவுக்குள்ளேயே மணமுடித்த சமூகங்களில் அது தூரத்துச் சொந்தத்தையும் நெருங்கிய சொந்தமாகக் காட்டிவிடும். எண் கையில் இருந்தும், பூட்டன் சொந்தக் காசில் வந்த வணிகர் என்று சாதிப்பவர்களைக் கண்டால் மனம் பொறுக்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு முதுகொடிய உழைத்தவரை அவர் வாரிசே மறைக்கலாமா? பூட்டியையும் இதே முறையில் தேடுங்கள். பட்டியலில் பெண்களுக்கும் தனி எண் உண்டு.