துப்பாக்கி ஏந்திய நல்லவர் என்னும் நம்பிக்கை

சட்டைக்கு அடியில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் தன் உயிருக்கும் சுற்றியிருப்பவர்கள் உயிருக்கும் அது காவல் என்று அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் நம்புகிறார்கள். துப்பாக்கி ஏந்திய கெட்டவனைத் துப்பாக்கி ஏந்திய நல்லவனால்தான் தடுக்க முடியும் என்ற பேச்சு அங்கே தேர்தல் மேடையிலும் வீட்டுத் திண்ணையிலும் ஒரே உறுதியோடு ஒலிக்கிறது. அந்த நம்பிக்கை இன்று சட்டமாகவும் ஆகிவிட்டது. 1980-களின் தொடக்கம்வரை பெரும்பாலான மாநிலங்கள் பொது இடத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடை செய்திருந்தன. அல்லது உரிமம் தருவதா வேண்டாமா என்பதை அதிகாரிகளின் முடிவுக்கு விட்டிருந்தன. 1987-இல் ஃபுளோரிடா அந்த விருப்புரிமையை நீக்கியது. தகுதிகளை நிறைவேற்றியவர் கேட்டால் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. மற்ற மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. பிறகு உரிமமே வேண்டாம் என்ற அடுத்த கட்டம் வந்தது. 2003-இல் அலாஸ்கா, 2010-இல் அரிசோனா, 2021-இல் டெக்சாஸ், 2023-இல் ஃபுளோரிடா என்று நீண்டு, 2024-இல் தென் கரோலினாவும் லூயிசியானாவும் சேர்ந்தபோது 50 மாநிலங்களில் 29 இந்த நிலைக்கு வந்துவிட்டன. நம் ஊர்களிலிருந்து போனவர்கள் பெருந்தொகையாகக் குடியிருக்கும் டெக்சாஸ் இந்த வரிசையின் ஒரு முனையில் இருக்கிறது. நியூ ஜெர்சி எதிர்முனையில் இருக்கிறது. இந்த மாற்றத்துக்கு அடியில் இருக்கும் நம்பிக்கை தவறானது என்பதே என் வாதம். மறைத்து வைத்த துப்பாக்கி அதைச் சுமப்பவருக்குத் தைரியம் தருகிறது. அந்தத் தைரியத்துக்கான விலையை ஊரே கொடுக்கிறது.

இது அமெரிக்காவின் பழைய மரபு, அதைத்தான் மீட்டெடுக்கிறோம் என்பவர்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். சினிமாவில் காட்டப்படும் மேற்குப் பகுதி வேறு, உண்மையில் இருந்த மேற்குப் பகுதி வேறு. 1881-இல் அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் நடந்த புகழ்பெற்ற ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டை எதை ஒட்டி எழுந்தது? நகர எல்லைக்குள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்ற நகராட்சி விதியை அமல்படுத்தப் போனபோதுதான் எழுந்தது. கன்சாஸின் டாட்ஜ் சிட்டியிலும் ஊருக்குள் நுழைபவர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. டெக்சாஸ் 1871-இல் கைத்துப்பாக்கி ஏந்தித் திரிவதைத் தடை செய்தது. அந்தத் தடை 1995-இல் உரிமச் சட்டம் வரும்வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. துப்பாக்கியோடு வாழ்ந்து பழகிய அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் வைத்திருப்பதையும் கூட்டத்துக்குள் கொண்டுவருவதையும் பிரித்துப் பார்த்தார்கள். இன்றைய புதிய சட்டங்கள் அழிப்பது அந்தப் பிரிவினையைத்தான்.

டெக்சாஸ் மனம் மாறியதற்கு ஒரு பெருந்துயரம் காரணமாக இருந்தது. 1991 அக்டோபரில் கில்லீன் நகரில் ஓர் உணவகத்துக்குள் பிக்கப் வண்டியை மோதி நுழைந்தவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தாயையும் தந்தையையும் இழந்த சுசானா ஹப், சட்டத்துக்குப் பயந்து தன் கைத்துப்பாக்கியைக் காரிலேயே விட்டு வந்ததைச் சாட்சியமாகச் சொன்னார். பின்னர் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். அவருடைய வேதனையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் சட்டம் என்பது ஒரு நாளின் ஒரு மேசைக்காக எழுதப்படுவதில்லை. ஒரு மாநிலத்தின் எல்லாத் தெருக்களுக்கும் எல்லா நாட்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது. அந்தக் கணக்கைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதாக முதலில் முன்வந்தவர் பொருளாதார அறிஞர் ஜான் லாட். துப்பாக்கி கூடக்கூடக் குற்றம் குறையும் என்று 1998-இல் வெளிவந்த அவருடைய நூல் வாதிட்டது. எவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெரியாததால் குற்றவாளி எல்லோருக்கும் அஞ்சுவான் என்பது அதன் சாரம். சட்டமன்றங்களில் அது மேற்கோளாகச் சுற்றியது. ஆனால் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2004-இல் வெளியிட்ட அறிக்கை, கையில் இருக்கும் தரவைக் கொண்டு இந்தச் சட்டங்கள் குற்றத்தைக் குறைத்தன என்றோ கூட்டின என்றோ சொல்ல முடியாது என்று முடிவு செய்தது. கொலைகள் குறைந்தது உண்மை என்று உறுப்பினர்களில் ஒருவர் மட்டும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகு ஆண்டுகள் கூடின, தரவும் கூடியது, கணக்கிடும் முறைகளும் தேர்ந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் டொனஹியூவும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு 1977 முதல் 2014 வரையிலான தரவை எடுத்துக்கொண்டது. சட்டம் தளர்ந்து பத்து ஆண்டுகள் கழிந்த மாநிலங்களில் வன்குற்றம், தளராமல் இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட 13 முதல் 15 சதவீதம்வரை கூடுதலாக இருந்தது என்று அது கண்டறிந்தது. இதோடு இன்னொன்றையும் வைத்துப் பார்க்கலாம். நியூயார்க் நகரில் 1990-இல் 2,245 கொலைகள் நடந்தன. 2017-இல் அது 300-க்கும் கீழே இறங்கியது. அந்தக் காலம் முழுவதும் சாதாரணக் குடிமகனுக்குத் துப்பாக்கி ஏந்தும் உரிமம் கிடைப்பது அங்கே குதிரைக்கொம்பாக இருந்தது. அந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மக்கள் ஆயுதம் ஏந்தாவிட்டால் கொலைகாரர்கள் அடங்க மாட்டார்கள் என்ற கூற்றை அந்த நகரம் பொய்யாக்கிவிட்டது.

உரிமம் பெற்றவர்கள் ஒழுக்கமானவர்கள், குற்றம் புரிபவர்கள் மிகச் சிலரே, பிறகு எப்படிக் குற்றம் கூடும் என்பது நியாயமான கேள்வி. உரிமம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். தீங்கு அவர்கள் விரலால் மட்டும் வருவதில்லை. வீட்டை விட்டு வெளியே வரும் துப்பாக்கி நாள் முழுவதும் ஆளோடு இருக்காது. தடை செய்யப்பட்ட அலுவலகத்துக்குள் போகும்போதும் மது அருந்தப் போகும்போதும் அது காரின் முன்பெட்டிக்குள் போகிறது. கண்ணாடியை உடைத்தால் திருடன் கையில் சேர்கிறது. டொனஹியூ குழுவினர் 47 பெரிய நகரங்களை எடுத்துச் செய்த பிந்தைய ஆய்வில், சட்டம் தளர்ந்தபின் துப்பாக்கித் திருட்டு சுமார் 35 சதவீதம் கூடியதையும், காவல் துறை வன்குற்றங்களைத் துப்புத்துலக்கும் விகிதம் சுமார் 13 சதவீதம் குறைந்ததையும் கண்டார்கள். நல்லவர் வாங்கிய துப்பாக்கியே கெட்டவரைச் சென்றடைகிறது; அதைத் தேடும் காவலர்களுக்கோ வேலை இரட்டிக்கிறது. எதிரே வருபவரிடம் ஆயுதம் இருக்கலாம் என்று எதிர்பார்க்கும் வழிப்பறிக்காரன் தொழிலை விட்டுவிடுவான் என்பது ஒரு ஊகம். அவனும் துப்பாக்கி வாங்கி, முந்திக்கொண்டு சுடுவான் என்பதும் அதே அளவுக்கு நடக்கக்கூடியது. இவற்றோடு சாலையில் முந்திச் சென்ற சண்டை, வண்டி நிறுத்தும் இடத்துத் தகராறு, மதுக்கடை வாக்குவாதம் என்று கைகலப்போடு முடிந்திருக்க வேண்டியவை உயிர்ப்பலியில் முடிகின்றன.

தற்காப்புக்காக ஆண்டுக்கு 25 லட்சம் முறை துப்பாக்கி பயன்படுகிறது என்ற எண்ணைத் துப்பாக்கி ஆதரவாளர்கள் தவறாமல் முன்வைப்பார்கள். அது 1995-இல் கேரி கிளெக்கும் மார்க் கெர்ட்ஸும் வெளியிட்ட தொலைபேசிக் கருத்தாய்வில் பிறந்தது. சுமார் 5,000 பேரிடம் கேட்டுப் பெற்ற பதிலை நாடு முழுவதற்கும் பெருக்கினார்கள். இவ்வளவு அரிதான நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்கும்போது நூற்றில் ஒருவர் மிகைப்படுத்தினாலோ காலத்தைத் தவறாக நினைவுகூர்ந்தாலோ போதும், பெருக்கத்தில் அது ஏறக்குறைய இருபது லட்சமாக வீங்கிவிடும். ஹார்வர்டின் டேவிட் ஹெமன்வே இந்தக் குறையை அப்போதே சுட்டிக்காட்டினார். குற்றத்துக்கு ஆளானவர்களையே கேட்கும் அரசின் தேசியக் கணக்கெடுப்பில் 2007 முதல் 2011 வரை ஐந்து ஆண்டுகளிலும் சேர்த்தே சுமார் 3,38,700 பேர்தான் துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். உயிரிழப்பில்லாத வன்குற்றங்களில் அது ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அப்படிக் காத்துக்கொண்டவர்கள் காயமின்றித் தப்புவது, கத்திக் கூப்பிட்டோ ஓடியோ தப்பியவர்களைவிடக் கூடுதலாக இருந்ததா என்பதையும் ஹெமன்வே ஆராய்ந்தார். தற்காப்பு முயற்சி எதுவாக இருந்தாலும் அதற்குப் பிறகு காயமடைந்தவர்கள் 4.2 சதவீதம், துப்பாக்கியைப் பயன்படுத்திய பிறகு காயமடைந்தவர்கள் 4.1 சதவீதம். அந்த வேறுபாட்டைக் காப்பு என்று அழைக்க முடியாது.

ஏன் அப்படி என்பதைத் தற்காப்பின் அந்தச் சில நொடிகளுக்குள் போய்ப் பார்த்தால் விளங்கும். தாக்குபவன் நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டு வருகிறான். தாக்கப்படுபவர் முதலில் ஆபத்தை உணர வேண்டும். பிறகு சட்டையைத் தூக்கி, உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, இலக்கை நோக்கி உயர்த்தி, பின்னால் நிற்பவர் யார் என்று பார்த்து, விசையை அழுத்த வேண்டும். சால்ட் லேக் சிட்டியின் காவல் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர் 1983-இல் எழுதிய கட்டுரை இன்றும் காவலர் பயிற்சியில் பேசப்படுகிறது: கத்தியோடு ஓடிவருபவன் 21 அடியை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான்; பயிற்சி பெற்ற காவலர் இடுப்பு உறையிலிருந்து எடுத்துச் சுடவும் அதே நேரம் பிடிக்கும். சட்டைக்கு அடியில் ஒளித்தவருக்கு இன்னும் கூடும். குறி தவறுவதும் அப்படியே. நியூயார்க் காவலர்கள் எதிர்த்துச் சுடப்படும் சண்டைகளில் சுடும்போது 18 சதவீதத் தோட்டாக்களே இலக்கில் பட்டன என்று ராண்ட் நிறுவனத்தின் 2008 அறிக்கை கணக்கிட்டது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே ஒரு கொலையாளியை நோக்கி இரண்டு காவலர்கள் 16 முறை சுட்டபோது வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் காயமடைந்தார்கள். அவர்கள் அனைவரையும் தாக்கியவை காவலர்களின் தோட்டாக்களும் சிதறல்களுமே. ஆண்டுதோறும் பயிற்சி எடுப்பவர்கள் கதியே இது. ஒரு நாளும் பயிற்சி எடுக்காதவரிடம் அதைவிடச் சிறந்ததை எதிர்பார்க்க என்ன ஆதாரம் இருக்கிறது?

2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் கொலைகாரனைத் தூரத்திலிருந்தே சுட்டு வீழ்த்தினார். அவர் பல உயிர்களைக் காத்தார் என்பதில் ஐயமில்லை. இப்படிப்பட்டவை எவ்வளவு நடக்கின்றன என்று கேட்பதுதான் நேர்மை. 2000 முதல் 2013 வரை நடந்த 160 கண்மூடித்தனத் துப்பாக்கிச் சூடுகளை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. காவலர் அல்லாத ஆயுதம் ஏந்தியவர்கள் பதிலுக்குச் சுட்டு முடித்துவைத்தவை ஐந்து. அவர்களிலும் சிலர் கூலிக்கு அமர்த்திய பாதுகாவலர்கள். ஆயுதமே இல்லாத சாதாரண மக்கள் பாய்ந்து மடக்கிப் பிடித்து முடித்துவைத்தவை 21. மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. 2018-இல் அலபாமாவின் ஹூவர் நகர வணிக வளாகத்தில், சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்த கறுப்பின இளைஞரைக் குற்றவாளி என்று தவறாக எண்ணி ஒரு காவலர் சுட்டுக் கொன்றார். 2021-இல் கொலராடோவின் அர்வாடாவில் கொலையாளியை வீழ்த்திய குடிமகனையே, வந்து சேர்ந்த காவலர் சுட்டுக் கொன்றார். கூட்டத்தில் பலர் கையில் துப்பாக்கி தெரியும்போது, ஓடிவரும் காவலருக்கு நல்லவர் யார் கெட்டவர் யார் என்று நெற்றியில் எழுதி வைத்திருக்காது.

மிகக் கனமான எதிர்வாதம் காவல் துறையின் தோல்வியிலிருந்து வருகிறது. 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டே பள்ளியில் 376 காவலர்கள் திரண்டும் வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடங்கள் பிடித்தன. தனிமனிதரைக் காக்கும் அரசியல் சட்டக் கடமை காவல் துறைக்கு இல்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படியானால் என்னை நானே காத்துக்கொள்ள வேண்டாமா என்று ஒரு பெண்ணோ சிறுபான்மையினரோ கேட்கும்போது அந்தக் கேள்விக்கு மரியாதை தர வேண்டும். தருகிறேன். ஆனால் காவல் துறை தவறியதற்குப் பரிகாரம் காவல் துறையைச் சீர்செய்வதுதான். பயிற்சியற்ற இலட்சக்கணக்கானோரிடம் அந்தப் பொறுப்பைக் கைகழுவிக் கொடுப்பது பரிகாரமாகாது. 2016-இல் மின்னசோட்டாவில் கறுப்பினத்தவரான பிலாண்டோ காஸ்டில், தன்னிடம் துப்பாக்கி இருப்பதாகக் காவலரிடம் பணிவோடு தெரிவித்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் முறையான உரிமம் இருந்தது. துப்பாக்கி எல்லோரையும் சமமாக்கும் என்பது சமூகத்தின் ஏற்றத்தாழ்வை மறந்த பேச்சு.

இனி மாநிலங்களுக்கு இடையிலான வேறுபாடு. பென்சில்வேனியாவில் உரிமம் பெற்றவர் பாலத்தைக் கடந்து நியூ ஜெர்சிக்குள் நுழைந்தால் சிறைத்தண்டனைக்கு உரிய குற்றவாளியாகிறார். இது அநீதி, எனவே ஒரு மாநிலத்து உரிமையை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று கோரும் மசோதா 2017 டிசம்பரில் 231-க்கு 198 என்ற வாக்குகளில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, சட்டமாகவில்லை. அறியாமல் எல்லை கடந்தவரிடம் கருணை காட்டலாம். ஆனால் ஓட்டுநர் உரிமத்தைப் போல இதையும் ஏற்றால் என்ன என்ற ஒப்புமை நிற்காது. ஓட்டுநர் உரிமத்துக்கு எல்லா மாநிலங்களிலும் தேர்வு உண்டு. இங்கே நியூயார்க் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கேட்கிறது. டெக்சாஸ் எதையும் கேட்காமலே அனுமதிக்கிறது. இவ்விரண்டையும் கட்டாயமாக இணைத்தால் ஆகக் குறைந்த விதியே நாடு முழுவதற்கும் விதியாகிவிடும். தன் மக்களைக் காக்க ஒரு மாநிலம் எழுதிய சட்டத்தை அண்டை மாநிலத்தின் அலட்சியம் செல்லாததாக்கும்.

உச்ச நீதிமன்றம்தான் இதற்கெல்லாம் வழிவிட்டது என்ற சாக்கும் பொருந்தாது. 2022-இல் புரூன் வழக்கில் நியூயார்க்கின் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பகுதியை ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை. சிறப்புக் காரணம் காட்டினால்தான் உரிமம் என்ற விதியை அது செல்லாததாக்கியது. ஆனால் பின்னணிச் சோதனையும் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்டு உரிமம் வழங்கும் முறையை அதே தீர்ப்பு செல்லாததாக்கவில்லை. 2024-இல் ரஹீமி வழக்கில், குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உள்ளானவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது. ஆக, தேர்வையும் பயிற்சியையும் குப்பையில் போடும்படி 29 மாநிலங்களை எந்த நீதிபதியும் கட்டாயப்படுத்தவில்லை. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றங்கள் தாமாகச் செய்தவை அவை. டெக்சாஸில் காவல் அதிகாரிகள் பலர் எதிர்த்தும் செய்தவை. தாமாகச் செய்ததைத் தாமாகத் திருத்தவும் முடியும். சுடும் தேர்வு, காலமுறைப் புதுப்பித்தல், காரில் விட்டுச் செல்லும் துப்பாக்கிக்குப் பூட்டிய பெட்டி, திருடுபோனால் உடனே புகார் தரும் கடமை, குடும்ப வன்முறை வரலாறு உடையவருக்கு மறுப்பு ஆகியவை யாருடைய உரிமையையும் பறிப்பவை ஆகா. பொது இடத்தில் ஆயுதம் ஏந்துபவரின் அச்சத்துக்கு மட்டும் சட்டம் செவிசாய்த்தது போதும். ஆயுதமின்றி அதே தெருவில் நடப்பவரின் உயிருக்கும் அது பொறுப்பேற்க வேண்டும்.