வீட்டில் சாராயம் வடிக்க உரிமம் உண்டா? கலால் சட்டங்களும் மெத்தனால் ஆபத்தும்

புது தில்லி: வீட்டில் சொந்த உபயோகத்துக்காக மது வடித்துப் பார்க்க விரும்பும் ஒருவர் கலால் துறையிடம் உரிமம் கோரினால், அவருக்குப் பொருந்தும் விண்ணப்பப் படிவமே பொதுவாக இருக்காது. மாநிலங்களின் கலால் சட்டங்கள் மது தயாரிப்பை வணிகமாகவோ குற்றமாகவோதான் பார்க்கின்றன. சில மாநிலங்களில் மட்டும் பழங்குடியினரின் மரபு உரிமை என்ற மூன்றாவது வகை உண்டு. 'பொழுதுபோக்கு' என்றொரு வகை அவற்றில் இடம்பெறவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 7ஆவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 8ஆவது பதிவு மது உற்பத்தி, இருப்பு, விற்பனை ஆகியவற்றை மாநிலங்களின் அதிகாரத்தில் வைக்கிறது. மனித நுகர்வுக்கான மதுவின் மீது கலால் வரி விதிக்கும் அதிகாரம் 51ஆவது பதிவின் கீழ் வருகிறது. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்று 47ஆவது பிரிவு வழிகாட்டுகிறது. மது வணிகம் அடிப்படை உரிமை ஆகாது என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே வடிக்கும் அனுமதி என்பது குடிமகனின் உரிமையாக அன்றி, மாநில அரசு வழங்கும் சலுகையாகவே கருதப்படுகிறது.

அந்தச் சலுகை கிடைக்கும் விதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் பழங்குடியினர் மஹுவா எனப்படும் இலுப்பைப் பூவிலிருந்து, குறிப்பிட்ட அளவுக்குள், வீட்டுத் தேவைக்காக மது வடிக்க விலக்கு உண்டு. ஆனால் அதை விற்றால் குற்றம். 2022ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேச அரசு மஹுவா மதுவைப் 'பாரம்பரிய மது' என அறிவித்து, பழங்குடி சுய உதவிக் குழுக்கள் உரிமத்துடன் அதைத் தயாரித்து விற்க வழி செய்தது.

கோவாவில் நிலைமை வேறு. முந்திரிப் பழச்சாற்றைப் புளிக்க வைத்து வடிக்கப்படும் பெனி, 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. முந்திரித் தோப்புப் பகுதிகளை அரசு ஏலம் விடுவதும், ஏலம் எடுத்தவர்கள் உரிமத்தின் பேரில் பருவகாலத்தில் வடிப்பதும் அங்கு நெடுநாள் வழக்கம். சிறிய அளவிலான வடிப்பை ஒழுங்குபடுத்துவது நடைமுறையில் இயலாத காரியம் என்ற வாதத்துக்குக் கோவாவே பதிலாக நிற்கிறது.

கேரளத்தில் வடித்தல் மட்டுமின்றி, புளிக்க வைத்தலும் சட்டச் சிக்கலுக்கு உள்ளாகிறது. வீட்டில் ஒயின் தயாரிப்பது அப்காரி சட்டப்படி குற்றம் என்று 2019 கிறிஸ்துமஸ் காலத்தில் அம்மாநிலக் கலால் துறை எச்சரித்தது. பின்னர் 2022இல் பழங்களிலிருந்து ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கான விதிகள் வெளியாயின. அவை தொழில்முனைவோருக்கானவை.

இத்தனை கடுமைக்கும் பொதுவாகக் கூறப்படும் காரணம் உயிர்ப் பாதுகாப்பு. அது புறக்கணிக்கத்தக்கதல்ல. வடிகலனிலிருந்து கசியும் ஆவி எளிதில் தீப்பற்றும். பொருந்தாத உலோகப் பாத்திரங்களிலிருந்து ஈயம் கலக்கலாம். பழங்களிலுள்ள பெக்டின் காரணமாகச் சிறிதளவு மெத்தனாலும் உருவாகும்.

ஆயினும் அண்மைக் காலப் பெருந்துயரங்களை ஆராய்ந்தால், அவற்றின் வேர் வீட்டு அடுப்பில் இல்லை. 2022 ஜூலையில் குஜராத்தின் போடாட் மாவட்டப் பகுதியில் 40க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரும், 2025 மே மாதம் பஞ்சாபின் மஜீட்டா பகுதியில் 20க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். மூன்று சம்பவங்களிலும் உயிரைப் பறித்தது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால். ஊறல் போட்டு வடித்ததில் தற்செயலாக உருவானதன்று. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு மதுவாக விற்கப்பட்டது. குஜராத்தில் 1960 முதலே மதுவிலக்கு அமலில் உள்ளது என்பதும் கவனிக்கத்தக்கது.

அதாவது, கலால் சட்டம் 'யார் வடிக்கிறார்' என்று கேட்கிறது; மரணங்களோ 'மெத்தனால் எங்கிருந்து வெளியேறுகிறது' என்ற கேள்வியை எழுப்புகின்றன. ஒரு குடம் ஊறலையும் ஒரு பீப்பாய் மெத்தனாலையும் ஒரே 'கள்ளச்சாராயம்' என்ற சொல்லில் அடக்கும்போது, எளிதில் பிடிபடுவது குடம்தான். அதன் சுமை கிராமத்து ஏழைக் குடும்பங்கள் மீது விழுகிறது. பிகாரின் 2016ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வீட்டில் மது சிக்கினால் வயது வந்த குடும்பத்தினர் அனைவரையும் பொறுப்பாக்கியது. அந்தக் கடுமை 2018இல் தளர்த்தப்பட வேண்டியதாயிற்று.

வெளிநாடுகளில் இருவேறு பாதைகள் தென்படுகின்றன. நியூசிலாந்து 1996இல் சொந்த உபயோகத்துக்கான வடிப்பை அனுமதித்தது. உரிமமின்றி விற்பதற்குத் தடை தொடர்கிறது. அமெரிக்காவில் வீட்டில் பீர் தயாரிக்க 1978ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்ட போதிலும், வீட்டில் மது வடிப்பதற்கு 1868 முதல் தடை உள்ளது. மீறினால் 5 ஆண்டுகள் வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் விதிக்கப்படலாம். வரி விதிக்கும் அதிகாரத்தையும் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தையும் கொண்டு இத்தடையை நியாயப்படுத்த முடியாது என்று டெக்சாஸ் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதன் பலன் வழக்குத் தொடுத்த தரப்பினருக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது.

இந்தியாவில் அத்தகைய வாதம் எடுபட வாய்ப்பு குறைவு. மாநிலங்களின் அதிகாரம் இங்கு மேலும் வலுப்பெற்றுள்ளது. 2024 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, 'போதை தரும் மது' என்ற சொல் தொழில்துறை ஆல்கஹாலையும் உள்ளடக்கும் என்று 8-1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 1990ஆம் ஆண்டின் 7 நீதிபதிகள் அமர்வுத் தீர்ப்பு இதனால் மாற்றியமைக்கப்பட்டது. நீதிபதி பி.வி. நாகரத்னா மட்டும் மாறுபட்டார். குடிப்பதற்கு அல்லாத ஆல்கஹால் மதுவாகத் திசைமாறுவதைத் தடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை என்று இனிக் கூறுவது கடினம்.

அதிகாரம் வந்த பின் அதை எங்கே பயன்படுத்துவது என்பதே கேள்வி. வீட்டு வடிப்புக்கு உரிமம் வழங்குவதா, வேண்டாமா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் சமூகச் சூழலுக்கு ஏற்பத் தீர்மானிக்கலாம். வழங்குவதாயின் அளவு வரம்பு, வடிகலன் பதிவு, விற்பனைத் தடை ஆகிய மூன்றும் குறைந்தபட்சத் தேவைகள். வழங்காவிட்டாலும், மெத்தனால் ஆலையிலிருந்து கடைசிப் பயனாளர் வரை செல்லும் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வைக்கும் கடமை நீங்கிவிடாது. அக்கணக்கு பிசகும்வரை, எத்தனை ஊறல் பானைகளை உடைத்தாலும் அடுத்த விஷச்சாராய மரணத்தை அது தடுக்கப்போவதில்லை.