கசப்போடு பிறந்த ஆண்டு



சித்திரை பிறக்கப்போகிறது. மாதுங்காக் கடைகளில் வேப்பம்பூவைக் காணும்போதெல்லாம் சென்ற புத்தாண்டு என் நினைவுக்கு வருகிறது.

அப்போது என் மனைவி மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தேற்றும் சிகிச்சையில் இருந்தாள். மூன்று வாரத்திற்கொரு தவணை; மூன்றாம் தவணை கழிந்த பத்தாம் நாள் புத்தாண்டு. அத்தகைய நாட்களில் குருதியின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். சிறு சளியும் பெருந்தீங்காகக்கூடும். "குணமான பின் கொண்டாடுவோம்" என்றேன். "அதுவரை ஆண்டு காத்திருக்குமோ? வாயிலில் கோலமாவது இருக்கட்டும்" என்றாள்.

கோலத்தை நானே இட்டேன், கோணலாகத்தான் அமைந்தது. உறவினர் தொலைபேசியில் வாழ்த்தினர். சளி பிடித்திருந்த நண்பரொருவர் வாயிலுக்கு வெளியே நின்று வணங்கிச் சென்றார், அவ்வன்பை மறவேன். மருத்துவரைக் கேட்டு, நன்கு கொதிக்கவைத்த மாங்காய்ப் பச்சடியை ஒரு கரண்டி அளித்தேன். மருந்தினால் உண்பதெல்லாம் இரும்பாய்ச் சுவைத்த காலம் அது. "வேப்பம்பூவின் கசப்பு மட்டும் மாறவில்லை" என்று நகைத்தாள். பல நாட்களுக்குப் பின் கேட்ட நகைப்பு.

சிகிச்சை முடிந்தது, சோதனைகள் தொடர்கின்றன.

1941ஆம் ஆண்டு பரேலில் திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்குமிருந்து நோயாளர் வருகின்றனர். அவர்களுள் தமிழரும் உளர். துணைக்கு வந்தவர்க்கு இந்தியோ மராத்தியோ தெரியாதிருக்கலாம். இப்புத்தாண்டில் ஒருவருக்கேனும் படிவம் எழுதிக் கொடுங்கள். தமிழில் நான்கு வார்த்தை பேசுங்கள். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருப்பின், அன்று செல்லாதிருப்பதே பேருதவி.

அனைவர்க்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.